கிறீச்சென்று ஒரு குரல்

நம் மன்ற இதழுக்கு ஏதேனும் எழுதித் தர வேண்டும் என்று இதழாசிரியர் மூன்று முறை என் அறைக் கதவைத் தட்டிவிட்டார். கவிதை எனக்கு வராது. கதை எழுத உட்கார்ந்தாலோ பாத்திரங்கள் முதற் பக்கத்திலேயே இறந்துபோகிறார்கள். ஆகவே, சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்த ஒரு சம்பவத்தை உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை தரக் கூடியது குறைவு. உங்களுக்குப் பயன்படக் கூடியது கொஞ்சம் உண்டு.

எங்கள் ஊர் குன்னூர். இங்கே வடக்கில், கோடு கிழித்தாற்போல் நேராகக் கிடக்கும் சாலைகளைப் பார்த்துப் பழகிவிட்ட நண்பர்களுக்கு எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குன்னூர் ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,710 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் நிலையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில். இந்த உயர வேறுபாட்டை ஒரே மூச்சில் இறங்க வேண்டும். 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரை திறக்கப்பட்ட எங்கள் மலை ரயிலில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் பதித்திருப்பதும், பெட்டிக்கு ஒருவராகப் பிரேக் பிடிக்கும் ஊழியர்கள் நின்றுகொண்டே வருவதும் வேடிக்கைக்காக அல்ல. மலை ஏறுவது எஞ்சினின் வேலை. மலை இறங்குவது பிரேக்கின் வேலை. எங்கள் ஊரில் குழந்தைக்கும் இது தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் உண்டு. கைமாறி வந்தது. நால்வர் உட்கார்ந்தால் முழங்கால்கள் ஒன்றையொன்று நலம் விசாரிக்கும், அவ்வளவு சிறியது. அப்பா அதைத் துடைக்கும் பரிவில் நூற்றில் ஒரு பங்கையேனும் என் தலையில் காட்டியிருந்தால் நான் இன்னும் நன்றாகப் படித்திருப்பேன் என்று அம்மா சொல்வதுண்டு.

அப்பாவுக்குக் காது சற்று மந்தம். முப்பது ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில், இலையை உருட்டும் இயந்திரங்களின் நடுவே நின்றவர். ஓயாத இரைச்சலில் உழைப்பவர்களின் காது ஒரேயடியாகக் கெட்டுவிடுவதில்லை. கீச்சென்ற மெல்லிய, உச்ச ஒலிகள்தாம் முதலில் போகும். இடிமுழக்கம் கேட்கும், எதிர் வீட்டுக் குருவி கேட்காது. பேசினால் கேட்கும், அடுக்களையில் குக்கர் விசில் கேட்காது. அப்பா இதைப் பற்றிக் குறைபட்டுக் கொண்டதில்லை. காரில் போகும்போது மட்டும், பக்கத்தில் இருப்பவரிடம், "ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்று அவ்வப்போது கேட்பார். வண்டியோட்டிக்குக் கண் எவ்வளவு வேண்டுமோ காதும் அவ்வளவு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

என் குற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்த நான் திரும்பிப் போகும் நாள். அப்பாதான் மேட்டுப்பாளையம் வரை கொண்டுவந்து விட்டார். பர்லியாற்றைத் தாண்டியதும் ஒரு வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார். முன் சக்கரத்துப் பக்கமிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம். அடுத்த வளைவிலும் கேட்டது. "ஏதாச்சும் கேக்குதா கண்ணு?" என்றார் அப்பா. எனக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் நேரம் ஆகும். பட்டறைக்குப் போனால் அன்றைய பயணமே போகும். "ஒண்ணும் இல்லப்பா. பனி ஈரம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, பாட்டுப் பெட்டியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

ஈரத்தாலும் சில சமயம் அப்படிச் சத்தம் வருவது உண்மைதான். ஆனால் அது இரண்டு மூன்று மிதிப்பில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. பௌதிகம் படிக்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் சொன்னேன். ரயில் ஏறினேன், மறந்தேன்.

நிற்க. அந்தக் 'கிறீச்' எதற்காக வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புத் தட்டு உண்டு. அதை டிஸ்க் என்பார்கள். அதன் இரு பக்கமும் இரண்டு பட்டைகள். அவற்றுக்குப் பேடு என்று பெயர். பிரேக்கை மிதித்தால் காலிப்பர் என்னும் கவ்வி இந்தப் பேடுகளைத் தட்டின்மேல் அழுத்தும். சுழலும் தோசைக்கல்லை இரு பக்கமும் கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் பிடித்து நிறுத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பேடு என்பது ஒரு எஃகுத் தகட்டின்மேல் ஒட்டிய உராய்வுப் பொருள். புதிதில் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனம் இருக்கும். மிதிக்க மிதிக்கத் தேயும். தேய்வதுதான் அதன் தொழில். தான் தேய்ந்து நம்மைக் காப்பது. மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அதை நினைவூட்டவே பல பேடுகளில் ஒரு மெல்லிய தகட்டு நாக்கை வைத்திருக்கிறார்கள். பேடு தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கிறீச்சிடும். அது பழுதின் ஓசையன்று. பழுது வருமுன் கூப்பிடும் குரல்.

அந்தக் குரலை வீட்டில் கேட்கக் கூடியவன் நான் ஒருவன்தான். நான் இங்கே வந்து விடுதியில் படுத்துவிட்டேன்.

மே மாதம் வீட்டுக்குப் போனபோது நிலைமை வேறாக இருந்தது. தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். கோவையில் மருத்துவரிடம் காட்டுவதற்காக அப்பா அவளை இரண்டு முறை அதே சாலையில், அதே காரில் அழைத்துச் சென்று வந்திருந்தார். நான் போன அன்று மாலை, "பிரேக் மிதிச்சா கால்ல என்னமோ கரகரன்னு இருக்குது. காதுல ஒண்ணும் கேக்கல. நீ ஒருக்கா ஓட்டிப் பாரு" என்றார்.

வீதி முனை வரை ஓட்டினேன். மிதித்தேன். அம்மிக் கல்லில் ஆணியை வைத்து இழுத்தாற்போல் ஒரு சத்தம். என் வயிறு குளிர்ந்துவிட்டது. கிறீச்சிடும் நிலையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. உராய்வுப் பொருள் முழுவதும் தீர்ந்து, பின்னால் இருந்த எஃகுத் தகடே டிஸ்க்கை அரைத்துக்கொண்டிருந்தது. உச்ச ஒலியாகக் கூப்பிட்டபோது அப்பாவுக்குக் கேட்கவில்லை. அரைக்கத் தொடங்கிய பிறகு அவருடைய காலுக்குக் கேட்டிருக்கிறது. அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் ஐந்து நாள்கள்தாம் இருந்தன.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். ஆட்களுடன் சேர்ந்து வண்டியின் எடை 900 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதை ஒரு முறை நிறுத்தினால் சுமார் 1,25,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அந்த வெப்பத்தில் 400 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து மூன்று பேருக்குக் காப்பி கலந்துவிடலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலோ இதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. 40 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். இதில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும், நாம் இரண்டாவது கியரில் இறங்கினால். மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான். அந்தப் பிரேக்கில் ஒரு பக்கம் வெறும் தகடு. அந்தத் தகட்டை நம்பி அக்காவும் அவள் வயிற்றுக் குழந்தையும் இரண்டு முறை இறங்கியிருக்கிறார்கள்.

காலையில் அப்பா, "பட்டறைக்குக் கொண்டு போயிரலாம்" என்றார். "வேண்டாம்ப்பா, நானே செய்யறேன்" என்றேன். பணத்தை மிச்சப்படுத்துவதற்காகவே அப்படிச் சொன்னேன் என்று அவர் எண்ணியிருப்பார். உண்மை வேறு. செய்த குற்றத்துக்குக் கையாலேயே பிராயச்சித்தம் செய்துவிட்டால் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்ற கள்ள எண்ணந்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் 'டிப்போ மாமா'. நான் ஜாக்கியை எடுத்ததைப் பார்த்ததும், தேநீர்க் குவளையோடு மதிற்சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தானாக வந்து கைவைக்க மாட்டார். தவறு செய்தால் மட்டும் தொண்டையைக் கனைப்பார்.

முதல் கனைப்பு உடனே வந்தது. நான் வண்டியைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தின் நட்டுகளைத் திருகப் பார்த்தேன். சக்கரம் நட்டோடு சேர்ந்து சுழன்றது. "தரையில இருக்கும்போதே நட்டை இளக்கிக்கோணும் தம்பி. அப்புறந்தான் தூக்கோணும்" என்றார். இறக்கி, இளக்கி, மறுபடியும் தூக்கினேன். இரண்டாவது கனைப்பு: "ஜாக்கியை நம்பி அடியில கை விடாதே. அது தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு இல்ல." அவர் வீட்டிலிருந்தே இரும்புத் தாங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னார். எங்கள் முற்றத்தில் கார் நிற்கும் இடம் மட்டுந்தான் சமதளம். அங்கிருந்து வாசற்கதவு வரை சரிவு. இந்தச் சரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கின் முகம் கண்ணாடி போல் இருக்க வேண்டியது, இசைத்தட்டைப் போல் கோடு கோடாக உழுது கிடந்தது. சுற்றிலும் கறுப்புத் தூசி. வாயால் ஊதப் போனேன். மூன்றாவது கனைப்பு சற்றுக் கோபமாகவே வந்தது. பழைய நாளில் பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தார்கள்; அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். கல்நார் இல்லாத பேடாக இருந்தாலும் அந்தப் பொடி மூச்சில் போகக் கூடியதன்று. "எங்க கூட்டாளிங்க ரெண்டு பேரு காத்தடிச்சுக் காத்தடிச்சே நெஞ்சு கெட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னார். ஈரத் துணியால் துடைத்தேன்.

காலிப்பரின் பின்னால் இருந்த இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி அதை வெளியே எடுத்தேன். எடுத்ததைத் தொங்கவிடப் பார்த்தேன். அது தொங்கக் கூடாது. அதன் எடை முழுவதும் பிரேக் ஆயில் வரும் ரப்பர்க் குழாயின்மேல் விழும். குழாய் உள்ளே விரிசல் கண்டால் வெளியே தெரியாது. ஒரு கம்பித் துண்டால் மேலே கட்டிவைத்தேன்.

பேடுகளை உருவிப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு. வெளிப் பக்கத்துப் பேடில் இன்னும் பாதிக் கனம் இருந்தது. உள் பக்கத்துப் பேடில் மயிரிழை கூட இல்லை, வெறும் எஃகு. ஒரே சக்கரம், ஒரே மிதிப்பு. ஒன்று பாதி தேய, மற்றது முழுவதும் தேய்ந்தது ஏன்? நான் விழித்தேன். டிப்போ மாமா முதன்முறையாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"அந்த ஊசியை அசைச்சுப் பாரு" என்றார்.

இந்த வகைக் காலிப்பரில் ஒரு பக்கந்தான் பிஸ்டன் உண்டு. அது உள் பேடை நேரே தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர் விசையால் காலிப்பர் முழுவதும் இரண்டு ஊசிகளின்மேல் வழுக்கி வந்து வெளிப் பேடை இழுத்து அழுத்தும். ஊசி வழுக்காவிட்டால் வெளிப் பேடு சும்மா நிற்கும். உள் பேடு இரண்டு பேர் வேலையையும் தனியாகச் செய்யும். எங்கள் ஊர் மழையிலும் பனியிலும் அந்த ஊசிகளில் ஒன்று துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தது. நான் பாட்டுக்குப் புதுப் பேடுகளை மாட்டி மூடியிருந்தால் அவையும் சீக்கிரமே இதே கதியை அடைந்திருக்கும். தேய்ந்ததை மாற்றுவது பாதி வேலை. ஏன் தேய்ந்தது என்று கேட்பது மறுபாதி.

ஊசியைக் கொறடால் திருகித் திருகி வெளியே எடுத்தேன். உப்புத்தாளால் துருவை நீக்கி, அதற்கென்று விற்கும் கிரீசைத் தடவினேன். எது கைக்குக் கிடைக்கிறதோ அந்தக் கிரீசைத் தடவக் கூடாது; சாதாரண எண்ணெய்ப் பசை அங்குள்ள ரப்பர் உறைகளை ஊத வைத்துக் கெடுத்துவிடும்.

டிஸ்க்கின் விளிம்பில் அது எந்தக் கனம் வரை தேயலாம் என்று எண் பொறித்திருக்கும். வெர்னியரால் அளந்தேன். குன்னூர்க் கடைவீதியில் கடைந்து வாங்கிவிடலாம் என்று எண்ணியிருந்த ஆசை அத்தோடு போயிற்று. ஏற்கெனவே எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. மெலிந்த தட்டு வெப்பத்தைத் தாங்காது, வெடிப்பு விடும். புது டிஸ்க்கும் பேடுகளும் வாங்கப் புறப்பட்டேன். "ஒத்தச் சக்கரத்துக்கு மட்டுமா?" என்றார் டிப்போ மாமா. "மற்றது நல்லாத்தானே இருக்குது மாமா?" என்றேன். "ஒரு காலுக்குப் புதுச் செருப்பு, ஒரு காலுக்குப் பழசு போட்டு மலை இறங்குவியா?" என்றார். இரு பக்கமும் ஒரே அளவு பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மலைச் சாலையில் ஒரு பக்கம் மலை. மறுபக்கம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. என் உதவித்தொகையில் சேர்த்துவைத்த பணம் இரண்டு சக்கரத்துக்கும் சரியாகப் போயிற்று.

டிஸ்க் பிரேக்கின் பிறப்பே சுவையான கதை. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் உலகம் அரை நூற்றாண்டு காலம் டிரம் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. 1953-இல் பிரான்சில் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார்கள் வென்ற பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கால் மிதியின் சிறு விசையைச் சக்கரத்துக்குப் பெரு விசையாகக் கொண்டுபோவதோ பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. அந்த விதியைப் பரீட்சையில் எழுதிப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த ஒன்பது மதிப்பெண்ணின் மதிப்பு அன்று மாலை தெரிந்தது.

புதுப் பேடுகள் தடித்தவை. அவற்றுக்கு இடம் விட, வெளியே வந்திருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன்மேல் வைத்துக் கவ்வியால் மெல்ல முடுக்கினால் உள்ளே போகும். போகும்போது அங்கிருந்த ஆயில் மேலே உள்ள குப்பிக்குத் திரும்பும். குப்பி நிறைந்திருந்தால் வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். இதை முன்பே படித்திருந்ததால் கொஞ்சம் ஆயிலை வெளியே எடுத்துவைத்திருந்தேன். அதைக் கண்டு டிப்போ மாமா தலையசைத்தார். அந்தத் தலையசைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

மாலை ஐந்து மணிக்கு இரண்டு சக்கரமும் முடிந்தன. நட்டுகளை எதிரெதிராக முடுக்கினேன். டிப்போ மாமா மாலைத் தேநீருக்குப் போயிருந்தார். அம்மாவும் அப்பாவும் உள்ளே இருந்தார்கள். எல்லாரும் வெளியே வரும்போது கார் வாசலில் ஒய்யாரமாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கற்களை எடுத்தேன். ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். ரிவர்ஸ் கியர் போட்டு, கை பிரேக்கை விடுவித்து, மெல்லப் பின்னால் எடுத்தேன். சரிவு தொடங்கும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன்.

கால் தரை வரை போயிற்று.

எதிர்ப்பே இல்லை, காற்றை மிதித்தாற்போல் இருந்தது. கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது. இரண்டு வினாடி இருக்கலாம். எனக்கு ஒரு யுகமாகத் தோன்றியது. அடி வயிற்றிலிருந்து ஏதோ கத்தினேன். கை பிரேக்கை இரு கையாலும் இழுத்தேன். அது பின் சக்கரங்களைக் கம்பியால் பிடிப்பது. ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கார் நின்றது. பின்னால் 'மடார்' என்று ஒரு சத்தம். வாசற்கதவருகே அம்மா வைத்திருந்த ஜெரேனியம் தொட்டி இரண்டாகப் பிளந்து, மண் சரிந்து கிடந்தது.

சற்று முன்புதான் அக்கா அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போயிருந்தாள். தண்ணீர்ச் செம்பு இன்னும் அங்கேயே இருந்தது.

நடந்தது இதுதான். பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருந்தேன் அல்லவா? பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி. முதல் சில மிதிப்புகள் அந்த இடைவெளியை நிரப்பத்தான் போதும், வண்டியை நிறுத்தா. ஆகவே பேடு மாற்றியதும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை மெல்ல மெல்லப் பலமுறை மிதிக்க வேண்டும். குப்பியில் ஆயில் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும். அப்புறமும் பெடல் பஞ்சு போல் அமுங்கினால் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். அதை வெளியேற்றாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. இவ்வளவையும் நான் அறிவேன். ஒய்யாரத்தில் மறந்தேன். ஆறு முறை மிதித்தேன்; பெடல் கல் போல் நின்றது. ஆறே மிதிப்பு.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். அப்பா காரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பம் எடுத்து மண்ணைக் கூட்டத் தொடங்கினார். டிப்போ மாமாவும் அன்று தொண்டையைக் கனைக்கவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டிசம்பரில் பர்லியாற்று வளைவில் சத்தம் கேட்டதைச் சொன்னேன். ஈரம் என்று நான் சொன்னது பொய் என்றேன். பாட்டுப் பெட்டியின் ஒலியைக் கூட்டியதையும் சொன்னேன். சொல்லச் சொல்லத் தொண்டை அடைத்தது. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. குற்றத்தை முணுமுணுக்கும் வசதி கூட எனக்கு இல்லை. உள்ளே அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

அப்பா வெகுநேரம் எதிரே தெரிந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குக் கேக்காதுன்னுதானே உன்னைக் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து உள்ளே போகும்போது, "காலையில அஞ்சு மணிக்கு எந்திரி. ஓட்டிப் பாக்கோணும்" என்றார்.

விடியற்காலையில் முதலில் வெலிங்டன் பக்கம், சற்றுச் சமமான சாலைக்குப் போனோம். புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாக மிதித்துக் குறைப்பது; நிறுத்திவிடாமல் மீண்டும் வேகம் எடுப்பது; நடுவில் ஆற விடுவது; இப்படிப் பத்து முறை. புது மருமகளைப் போல் அவற்றுக்கும் முதல் சில நாள் பொறுமை காட்ட வேண்டும் என்றார் அப்பா. அதன் பிறகு காட்டேரி வரை இறங்கினோம். அதற்கு அப்பால் பர்லியாறு வரை. அப்பா இரண்டாவது கியரில் இறக்கினார். மலை இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் சூடேறிவிடும். சாதாரணமாகப் பயன்படும் டாட் 3 என்னும் ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கக் கூடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போகும். தரைக்குப் போகும் பெடல் எப்படியிருக்கும் என்பதை நான் முந்திய நாள்தான் அறிந்திருந்தேன்.

என் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு, குளிர் காற்றில் தலையைச் சற்று வெளியே சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அப்பா மிதிப்பார். மிதித்துவிட்டு, "கேக்குதா?" என்பார். நான் ஒரு நொடி கூர்ந்து கேட்பேன். டயரின் ஓசை, காட்டில் ஒரு பறவை, எங்கோ கீழே ஓடும் ஆறு. "இல்லப்பா" என்பேன்.

அதே சாலை, அதே கேள்வி, அதே பதில். இந்த முறை அது உண்மை.

ஐந்தாம் நாள் அக்காவை அழைத்துக்கொண்டு கோவைக்குப் போய்வந்தோம். ஆடி மாதம் பிறந்த மருமகனுக்கு இப்போது நான்கு மாதம். ஜெரேனியத்தை அம்மா வேறு தொட்டியில் வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கே ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர் ஒருவர் சுவரோரமாவது நிற்காமல் பிரேக்கில் கைவைக்காதீர்கள். அவர் தேநீர் குடித்துவிட்டு வரும் வரை காத்திருங்கள். என் வேண்டுகோள் அதனினும் சிறியது. ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்திருக்கிற நமக்கு வீட்டிலிருந்து தொலைபேசி வரும். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்ற குரலின் ஓரத்தில் சில சமயம் ஒரு சிறு கிறீச்சு கேட்கும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நாம் வேறு பேச்சுக்குத் தாவுகிறோம். விடுதியில் பக்கத்து அறை நண்பன் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை என்றால் ஏதோ பரீட்சை என்று எண்ணிக்கொள்கிறோம். கேட்கும் காது நமக்கு இருக்கிறது. எல்லாருக்கும் அது இருப்பதில்லை.

உங்கள் வண்டி கிறீச்சிட்டால், தயவுசெய்து பாட்டுப் பெட்டியின் ஒலியைக் கூட்டாதீர்கள்.